தண்ணீர் படாத துணி

அக்கா,

இன்று காலை ட்ரை க்ளீனிங் கடையிலிருந்து உன் மருமகளின், அதான் என் மகளின், நிச்சயதார்த்தப் புடவையை வாங்கிவந்தேன். பிளாஸ்டிக் உறையைக் கிழித்ததும் அந்த நெடி மூக்கில் ஏறியது. இனிப்பாகத் தொடங்கி, மூக்கின் அடியில் காந்தி, மண்டைக்குள் போய் உட்காருமே, நம் ஆலையில் வந்த அதே நெடி. கடைக்காரர் பயன்படுத்துவது வேறு திரவம் என்று தெரியும். ஆனாலும் ஒரே குடும்பத்து வாசனைதான். புடவையைக் கட்டிலில் எறிந்துவிட்டு ஓடிப்போய் எல்லா ஜன்னல்களையும் திறந்தேன். வாசல் கதவையும் திறந்தேன்.

"கீ ஹோலோ பாபா?" என்று மகள் ஓடிவந்தாள். என்ன ஆச்சு அப்பா என்று கேட்கிறாள்; பதற்றம் வந்தால் அவளுக்குத் தமிழ் வராது, பெங்காலிதான். ஒன்றுமில்லை என்றேன். திறந்து கிடந்த ஜன்னல்களை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

உன்னைப் பற்றி அவளிடம் நான் சொன்னதெல்லாம் சிரிப்பான கதைகள். அத்தை கோபக்காரி, அத்தையைக் கண்டால் எல்லாருக்கும் பயம் என்ற அளவில் நிறுத்திக்கொண்டிருக்கிறேன். மிச்சத்தைச் சொல்ல ஆளில்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

சிரிப்பான கதைகளில் அவளுக்கு மிகப் பிடித்தது டிபன் கேரியர் கதை. சாந்த்ராகாச்சியிலிருந்து ஹவுராவுக்கு நாம் இருவரும் ஒரே லோக்கல் ரயிலில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம். அன்று லேடீஸ் பெட்டி கிடைக்காமல் நீயும் பொதுப்பெட்டியில் ஏறினாய். நெரிசலில் ஒருவன் உன் இடுப்பில் கை வைத்தான். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்றடுக்கு எவர்சில்வர் கேரியரை அப்படியே தோளுக்கு மேலாக வீசினாய். அவன் மூக்கெலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. சாம்பாரும் ரத்தமும் அவன் வெள்ளைச் சட்டையில் சேர்ந்து வழிந்தன. அடுத்த நிலையத்தில் ஆட்கள் அவனைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். நீ கேரியரைத் திறந்து பார்த்து, "சாம்பார் போச்சு. மத்தியானம் ஒன் தயிர்சாதத்துல பாதி எனக்கு" என்றாய்.

என்னையும் நீ அடித்துத்தான் வளர்த்தாய். ரயில்வேயில் இருந்த அப்பா போனபோது எனக்குப் பதினான்கு வயது, உனக்குப் பத்தொன்பது. அம்மா அழுதுகொண்டே இருந்தாள். நீ அடித்துக்கொண்டே இருந்தாய். கெமிஸ்ட்ரி படித்து முடித்து ஹவுராவில் அந்தப் பனியன் துணி ஆலையில் கெமிஸ்டாகச் சேர்ந்தாய். அங்கே சம்பளம் வாங்கிய ஒரே பெண் நீ. மூன்று வருடம் கழித்து என்னையும் ஸ்டோர்ஸ் கிளார்க்காக உள்ளே இழுத்துப் போட்டாய். உன் லேபுக்கும் என் மேசைக்கும் நடுவில் ஒரு மரத்தடுப்பு மட்டும். தும்மினால் கேட்கும்.

அந்த இயந்திரம் வந்த நாள் உனக்கு எவ்வளவு சந்தோஷம்! அதை யாரும் நம்பமாட்டார்கள், பின்னால் நடந்ததை மட்டும் தெரிந்தவர்கள். அதற்கு முன்பு பின்னல் துணியிலிருக்கும் எண்ணெயையும் அழுக்கையும் எடுக்க, பெரிய தொட்டிகளில் காஸ்டிக் போட்டு வேகவைப்போம். அந்தக் கறுப்புத் தண்ணீர் அப்படியே பின்பக்கக் கால்வாய்க்குப் போகும். கால்வாய்க் கரையில் குடியிருந்தவர்கள் பலமுறை கேட்டில் கல்லெறிந்திருக்கிறார்கள். ஒருமுறை வாட்ச்மேனின் மண்டை பிளந்தது. தண்ணீரைச் சுத்தம் செய்யாமல் ஆலையை ஓட்டக்கூடாது என்று அரசாங்கத்திலிருந்து நோட்டீஸ் வந்ததும், முதலாளி வெளிநாட்டிலிருந்து பழைய இயந்திரம் ஒன்றை வரவழைத்தார். தண்ணீருக்குப் பதிலாக ட்ரைக்ளோர் எத்திலீனில் துணியைக் கழுவும் இயந்திரம். நம் ஆட்கள் அதைச் சுருக்கி 'ட்ரை' என்றார்கள்.

அதன் புத்தகத்தைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தாய். எனக்கும் பாடம் எடுத்தாய். மூடிய பெட்டிக்குள் துணி போகும். ட்ரை அதன்மேல் பீச்சியடிக்கும். எண்ணெய் அதில் கரைந்து போய்விடும். பிறகு நீராவிக் குழாயின் சூட்டில் துணி உலரும். கிளம்பும் ஆவியைக் குளிரவைத்துத் திரும்பவும் திரவமாக்கி, அதையே மறுபடி பயன்படுத்தலாம். முதல் துணி வெளியே வந்ததும் ஒரு கஜத்தை வெட்டி ஓடிவந்து என் கன்னத்தில் அழுத்தினாய். "பாருல, ஒரு சொட்டு தண்ணி படல. சுத்தமா இருக்குல்லா? கால்வாய்ல மீனு திரும்பி வரும், பாத்துக்கோ" என்றாய். மீன் வரவில்லை. ஆனால் ஆறு மாதத்தில் தண்ணீரின் கறுப்பு குறைந்தது. கல்லெறிவதும் நின்றது.

இயந்திரத்தின் மேல் உனக்குக் குறையில்லை. அதை வைத்த இடத்தில்தான் முதல் சண்டை. கூரை தாழ்வாக இருந்ததால், ஆள் உயரத்துக்குத் தரையைத் தோண்டி அந்தக் குழிக்குள் அதை இறக்கினார்கள். "இந்த ஆவி காத்தவிட கனம். கீழதான் போயி உக்காரும். குழிக்குள்ள வச்சா குழி நெறைஞ்சுரும்" என்று மேனேஜரிடம் கத்தினாய். புத்தகத்தில் போட்டிருந்தபடி குழியின் அடியிலிருந்து காற்றை இழுக்கும் விசிறி வேண்டும் என்றாய். வைக்கலாம், வைக்கலாம் என்றார்.

அடுத்தது கேஸ்கெட். இயந்திரத்தின் கதவு இடுக்குகளை அடைக்கும் ரப்பர் பட்டைகள். நீ எழுதிக்கொடுத்த வகை ரப்பர் வரவில்லை. மேனேஜர் சொன்னார் என்று நான் கடைத்தெருவில் கிடைத்த சாதாரண ரப்பரை வாங்கிப் போட்டேன். ட்ரை அதைத் தின்றது. இரண்டு வாரத்தில் ரப்பர் ஊறி, உப்பி, மென்று துப்பியது போலாகிவிட்டது. ஆவி கசியத் தொடங்கியது.

முதலில் எல்லாருக்கும் அது வேடிக்கையாக இருந்தது. இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பவர்கள் காரணமில்லாமல் சிரித்தார்கள். ஒருவர் பாட்டுப் பாடியபடி மூட்டையின்மேல் சாய்ந்து தூங்கினார். இயந்திரத்தை ஓட்டிய நிமாய்தான் அதிகம் வாங்கிக்கொண்டவர். நாற்பது வயது, ஒல்லி, சத்தமாகப் பேசத் தெரியாத மனிதர். மாலையில் கால்கள் பின்னிக்கொள்ள வீட்டுக்குப் போவார். ஆவி ஏறிய அந்த உடம்போடு சாயங்காலம் எப்போதாவது ஒரு கிளாஸ் சாராயம் குடித்தால் முகமெல்லாம் தீக்காயம் மாதிரி திட்டுத் திட்டாகச் சிவந்துவிடும்.

ஒருநாள் அவர் மனைவி மாலதி விளக்குமாற்றோடு ஆலை வாசலுக்கே வந்துவிட்டாள். ஷிப்ட் முடிந்து எல்லாரும் வெளியே வரும் நேரம். நிமாயின் தலையிலும் தோளிலும் மாறிமாறி அடித்தாள். "வேலை நேரத்திலேயே குடிக்கிறியா? பிள்ளைங்களுக்கு முன்னாடி தள்ளாடிக்கிட்டு வர்றியா?" என்று பெங்காலியில் அலறினாள். நிமாய் கைகளைத் தலைக்குமேல் வைத்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளை இன்னும் வெறியாக்கியது. நீ பாய்ந்துபோய் விளக்குமாற்றைப் பிடுங்கி முழங்காலில் வைத்து ஒடித்தாய். அவள் பிடரியைப் பிடித்து நிமாயின் வாயருகே அழுத்தினாய்.

"மோந்து பாருங்க பௌதி. சாராய வாசனையா இது?"

அண்ணி முறையில் நாம் 'பௌதி' என்று கூப்பிடும் அவள் மோந்தாள். பிறகு உன்னைப் பார்த்தாள். "அப்ப இது என்ன?" என்றாள். நீ நேராக உள்ளே போய், உப்பிப்போன கேஸ்கெட் ஒன்றை இயந்திரத்திலிருந்து பிய்த்து எடுத்து, மேனேஜரின் மேசைமேல் வீசினாய். தேநீர்க் கோப்பை உடைந்து சூடான தேநீர் அவர் மடியில் கொட்டியது.

இனி நான் செய்தவை. நல்ல ரப்பர், குழிக்கு விசிறி, காற்றுக்குழாய் வைத்த முகமூடி என்று நீ எழுதிய கோரிக்கைத் தாள்கள் என் மேசைக்குத்தான் வரும். "துர்கா பூஜோ முடியட்டும், அதுவரை உன்கிட்டயே இருக்கட்டும்" என்று மேனேஜர் சொன்னார். நான் இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். நீ அதைக் கண்டுபிடித்த அன்று ஸ்டோர்ஸில் பத்துப் பேருக்கு முன்னால் என் கன்னத்தில் அறைந்தாய். கண்ணாடி பறந்துபோய் உடைந்தது. "ஏல, ஒனக்குச் சோறு போடுறது அவனா, நானா?" என்று கேட்டாய். உண்மையைச் சொன்னால், அன்று எனக்கு வெட்கம் வரவில்லை. உன்மேல் கோபம்தான் வந்தது. உன்னால் என் வேலை போய்விடும் என்று பயந்தேன்.

பூஜோவுக்கு மூன்று வாரம் இருந்தது. ஆர்டர்கள் குவிந்துகிடந்தன. நீ நீராவி வால்வைச் சங்கிலியால் கட்டிப் பூட்டுப் போட்டு, ரப்பர் வரும்வரை இயந்திரம் ஓடாது என்று அறிவித்தாய். மேனேஜர் தானே சம்மட்டியை எடுத்துவந்தார். நாலே அடி. சங்கிலித் துண்டு தெறித்து உன் புருவத்தைக் கிழித்தது. கண்ணில் ரத்தம் வழிய நீ அசையாமல் நின்றாய். "ஓட்டு" என்று அவர் நிமாயிடம் சொன்னார். நிமாய் உன்னைப் பார்த்தார்; வயதில் மூத்தவர்களும் அங்கே உன்னை 'திதி', அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். "திதி, என்ன செய்யட்டும்?" என்று கேட்டார். நீ வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் அவர் முதுகில் கைவைத்துத் தள்ளினார்.

மறுநாள் பகல் பதினொரு மணி இருக்கும். துணி உருளையில் சுற்றிக்கொண்டது. நிமாய் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கத்தியோடு ஏணிவழியாகக் குழிக்குள் இறங்கினார். திரும்பி ஏறவில்லை. பக்கத்தில் நின்ற இஸ்மாயில் எட்டிப்பார்த்து, "நிமாய் அண்ணன் விழுந்துட்டார்!" என்று கத்திக்கொண்டே இறங்கினான். ஏணியின் கடைசிப் படியில் அவனும் சரிந்தான்.

சத்தம் கேட்டு எல்லாரும் ஓடினோம். எனக்கு முன்னால் நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். அப்போது நீ செய்ததைப் பார்த்தவர்களில் பலர் சாகும்வரை உன்னை மன்னிக்கவில்லை. சுவரில் சாய்த்திருந்த இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு ஏணி வாயில் காலை அகட்டி நின்றாய். "யாரும் எறங்கக் கூடாது! எறங்கினா சாவீங்க!" என்று தமிழ், பெங்காலி, இந்தி மூன்றிலும் கத்தினாய். யார் கேட்பார்கள்? கீழே இரண்டு பேர் கிடக்கிறார்கள். நிமாயின் மைத்துனன் முதலில் பாய்ந்தான். அவன் முழங்காலில் போட்டாய். அடுத்தவன் முழங்கையில். மூன்றாவது ஆளின் விலாவில். கெட்ட வார்த்தைகளும் அழுகையும் கூடத்தை நிறைத்தன. "இந்த மதராஸிப் பொம்பளை ஆளுங்களைக் கொல்றா" என்று யாரோ கூவினார்கள்.

உன்னைத் தடுப்பதா, கீழே இறங்குவதா என்று எனக்குத் தெரியவில்லை. நிமாயின் கால் தெரிந்தது. ஒரு செருப்பு கழன்றிருந்தது. நான் உன் கைக்கு அடியில் நுழைந்து ஏணியில் கால் வைத்தேன். நீ என் முகத்தைப் பார்த்தாய்; நான்தான் என்று உனக்கு நன்றாகத் தெரியும். கம்பியை ஓங்கி என் இடது தோளில் இறக்கினாய். காறையெலும்பு முறிந்தது. என்னைக் காலால் உதைத்துத் தரையில் தள்ளினாய்.

"சாவணுமா ஒனக்கு? அந்தச் சுவரை ஒடைங்கடா! சுவரை ஒடைங்க!"

குழியில் தேங்கிய ஆவிக்கு வழி விட வேண்டும் என்று அப்போதுதான் அவர்களுக்குப் புரிந்தது. சம்மட்டிகளும் கடப்பாரையும் எடுத்து, குழியை ஒட்டிய வெளிச்சுவரைத் தரைமட்டத்தில் இடித்தார்கள். நீ லேபிலிருந்த பெரிய மேசை விசிறியைக் குழிக்குள் இறக்கி ஓடவிட்டாய். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டாய். முனையை நிமாயின் மைத்துனன் கையில் கொடுத்தாய்; நீ அடித்த அதே ஆளிடம். "முப்பது எண்ணு. நான் வரலன்னா இழு" என்றாய். ஆழமாக மூச்சை இழுத்து அடைத்துக்கொண்டு இறங்கினாய்.

முதல்முறை இஸ்மாயிலைத் தோளில் போட்டு ஏணிவரை கொண்டுவந்தாய். மேலிருந்தவர்கள் அவனை இழுத்துக்கொண்டார்கள். அவன் வாந்தியெடுத்தான், மூச்சுவிட்டான். நீ நாலு மூச்சு வாங்கிவிட்டுத் திரும்ப இறங்கினாய். இரண்டாவது முறை நிமாயைக் கொண்டுவந்தாய். அவர் மார்பின்மேல் ஏறி உட்கார்ந்து இரண்டு கைகளாலும் குத்தினாய். எலும்பு நொறுங்கும்வரை குத்தினாய். நிமாய்க்கு மூச்சு வரவில்லை; உன்னைப் பிடித்து இழுக்க நாலு பேர் வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் என் தோளுக்குக் கட்டுப் போட்டுப் படுக்கவைத்திருந்தார்கள். சாயங்காலம் மேனேஜர் வந்தார். பழம் கொண்டுவந்தார். குரலை உயர்த்தாமல் பேசினார்.

"உன் அக்கா கம்பியால அடிச்சு ஆட்களைத் தடுத்ததை இருபது பேர் பாத்திருக்காங்க. ஆவி கசிஞ்சதுன்னு வந்தா, அதுக்குப் பொறுப்பு யாரு? கெமிஸ்ட். காப்பாத்தப் போனவங்களை அடிச்சது யாரு? அதே கெமிஸ்ட். ஜெயிலுக்குப் போவா. ஆனா நிமாய் குடிச்சுட்டு விழுந்தான்னா, யாருக்கும் ஒண்ணும் இல்ல. அவன் பொண்டாட்டியே வாசல்ல நின்னு கத்தினாளே, எல்லாருக்கும் தெரியும்."

வலது கை நன்றாகத்தான் இருந்தது. எழுதினேன். 'காலையில் நிமாய் ஸ்டோர்ஸுக்கு வந்தபோது அவரிடம் மதுவாடை வீசியது. நடை தள்ளாடியது.' கீழே கையெழுத்துப் போட்டேன். உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்தேன் என்று இத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பாதி அதுதான். மீதிப் பாதி, அந்த இழுப்பறைச் சாவி என் பையில் இருந்தது.

இரண்டு நாளில் உனக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் காகிதத்தின் நகலோடு வீட்டுக்கு வந்தாய். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்துவிட்டு உள்ளே போனாள். நான் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தேன். அடிக்கப் போகிறாய் என்று முறிந்த தோளை மறைத்துக்கொண்டேன்.

நீ அடிக்கவில்லை. காகிதத்தை என் மடியில் வைத்தாய். "நீ எழுதினது என் பேரைக் காப்பாத்த. மாலதி புருஷன் பேரைக் காப்பாத்த யாரு இருக்கா?" என்று கேட்டுவிட்டு வெளியே போனாய். என்னை நீ அடிக்காமல் விட்ட ஒரே தப்பு அது. அடித்திருக்கலாம் அக்கா.

அங்கிருந்து நேராக மாலதியின் வீட்டுக்குப் போனாய் என்று பிறகு அவளே சொன்னாள். நிமாய் குடிக்கவில்லை, ஆவிதான் கொன்றது, இறங்கவிடாமல் ஆட்களை அடித்தது நான்தான் என்று மூன்றையும் சொன்னாயாம். அவள் உன் முடியைப் பிடித்து இழுத்துக் கதவில் மோதினாள். புருவத்துத் தையல் பிரிந்தது. நீ கையைக்கூடத் தூக்கவில்லையாம். "எத்தனை அடிச்சேன்னு தெரியல, திதி கண்ணை மூடிக்கிட்டு நின்னாங்க" என்றாள் மாலதி. கடைசியில் அவளே அழுது ஓய்ந்து, தன் முந்தானையால் உன் ரத்தத்தைத் துடைத்தாளாம்.

மறுநாள் ஆலைக்குப் போனாய். நிமாயின் லாக்கரிலிருந்து சாராய பாட்டில் எடுத்ததாக மேனேஜர் போலீசிடம் சொல்லியிருந்தார். அவர் அறைக்குள் போய், "அந்த பாட்டிலை யார் வச்சது?" என்று கேட்டாய். "நிமாயைக் கொன்னது உன் கம்பி" என்றார் அவர். மேசையிலிருந்த கண்ணாடி பேப்பர்வெயிட்டால் அவர் வாயில் அடித்தாய். முன்பற்கள் மூன்று போயின. காவலாட்கள் வந்தார்கள். உன்னை முடியைப் பிடித்து மாடிப்படி முழுவதும் இழுத்தார்கள். பூட்ஸ் காலால் கையை மிதித்தார்கள். உன் பின்னாலேயே வந்திருந்த நான் தோள்கட்டோடு கீழே நின்று பார்த்தேன். ஒவ்வொரு படியிலும் உன் தலை மோதியது. உன் வலது கையில் இரண்டு விரல்கள் அதற்குப்பின் மடங்கவேயில்லை.

போலீஸ் உன்மேல்தான் வழக்குப் போட்டது.

விசாரணைக்கு அரசாங்க அதிகாரி ஆலைக்கே வந்தார். கேன்டீனில் மேசை போட்டிருந்தார்கள். நீ ஜாமீனில் வந்து, கையில் மாவுக்கட்டோடு பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். என் வாக்குமூலத்தை வாசித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு மாலதியைக் கூப்பிட்டார்கள். கம்பெனி வக்கீல் அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உன் புருஷன் குடிச்சிருக்கான்னு நீயே வாசல்ல வச்சு விளக்குமாத்தால அடிச்சியா, இல்லையா?"

மாலதி நிமிர்ந்து பார்த்தாள். "அடிச்சேன்" என்றாள். "அடிச்சேன், ஆனா..." என்று மறுபடி தொடங்கினாள். "போதும்" என்றார் வக்கீல். அவள் இரண்டு கைகளாலும் தன் முகத்தில் அறைந்துகொள்ள ஆரம்பித்தாள். பட்பட்டென்று அந்தச் சத்தம். யாரும் எழுந்திருக்கவில்லை.

நான் எழுந்தேன். "நான் எழுதினது பொய்" என்றேன். என் குரல் கீச்சென்று கேட்டது. நிமாய் அன்று ஸ்டோர்ஸுக்கே வரவில்லை என்றேன். சாவியை எடுத்து மேசையில் வைத்து, இழுப்பறையில் பதினோரு தாள்கள் இருக்கின்றன, அக்கா எழுதியவை, நான் பூட்டிவைத்தவை என்றேன். அதிகாரி ஆளனுப்பினார். நல்லவேளை, மேனேஜருக்கு அந்தத் தாள்களின் ஞாபகமே இல்லை. எல்லாம் அப்படியே இருந்தன, உன் சாய்ந்த கையெழுத்தில், தேதியோடு.

வாசலைத் தாண்டியதும் மேனேஜரின் ஆட்கள் நாலு பேர் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். ஆறிவந்த தோளைப் பார்த்து அடித்தார்கள். அடி வாங்கியபோது வலித்தது என்பதைவிட, கொஞ்சம் மூச்சுவிட முடிந்தது என்றுதான் சொல்ல வேண்டும். நீ மாவுக்கட்டுக் கையாலேயே ஒருவன் காதில் விட்டாய். கட்டு இரண்டாகப் பிளந்தது.

மாலதிக்கு இழப்பீடு கிடைக்க நாலு வருடம் ஆனது. இயந்திரத்தை நிரந்தரமாக நிறுத்தினார்கள். உன் மேல் போட்ட வழக்கு ஆறு வருடம் இழுத்து, எச்சரிக்கையோடு முடிந்தது. ஆலையில் வேலை போன நமக்கு அந்த வட்டாரத்தில் எங்கும் வேறு வேலை கிடைக்கவில்லை. நான் கிடர்பூரில் ஒரு சரக்கு ஏஜெண்டிடம் சேர்ந்தேன். நீ ஹவுராவில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கெமிஸ்ட்ரி டியூஷன் எடுத்தாய். ஒருத்தரையும் அடிக்கவில்லை என்று கேள்விப்பட்டு ஆச்சரியப்பட்டேன். என்னோடு பேசினாய், சாப்பிட்டாயா, அம்மாவுக்கு மருந்து வாங்கினாயா என்ற அளவில். என் கல்யாணத்தில் எல்லா வேலையும் செய்தாய். ஆனால் என்னை 'ஏல' என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாய். பெயர் சொல்லிக் கூப்பிட்டாய். அது எனக்கு எப்படி இருந்தது என்று உனக்குத் தெரிந்திருக்கும்.

சிறுநீரகத்தில் கட்டி என்று தெரிந்தபோது உனக்கு நாற்பத்திரண்டு வயது. "ரசாயனத் தொழிற்சாலையில வேலை பாத்தாங்களா?" என்று டாக்டர் கேட்டார். ஆமாம் என்றேன். அதனால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் அவரே சொன்னார். நீ சிரித்தாய். "அது நல்ல மெஷின்தான் டாக்டர். இடம்தான் சரியில்ல" என்றாய்.

கடைசி வாரத்தில், மத்தியானம், ஜன்னல் திரை வெயிலில் ஆடிக்கொண்டிருந்தது. நீ தூங்குவதாக நினைத்து நான் செய்தித்தாளை மடித்தேன்.

"ஏல" என்றாய். எத்தனை வருடம் கழித்து! செய்தித்தாள் கையிலிருந்து விழுந்தது.

"நான் மொத தடவ எறங்கும்போது நிமாய்க்கு உசிரு இருந்துச்சு."

நான் நாற்காலியை உன் கட்டிலருகே இழுத்துப் போட்டேன்.

"கண்ணு தெறந்திருந்துச்சு. என் துப்பட்டாவப் பிடிச்சுக்கிட்டாரு. இஸ்மாயில் ஏணிகிட்ட கெடந்தான். எனக்கு ஒரு மூச்சுதான் இருந்துச்சு. ஒருத்தரத்தான் தூக்க முடியும். நிமாய் உருளைக்கு அடியில மாட்டியிருந்தாரு, இழுக்க நேரமாவும். அவர் வெரல ஒவ்வொண்ணாப் பிரிச்சு விட்டேன். விடமாட்டேன்னாரு. மணிக்கட்டுல மிதிச்சேன். மிதிச்சுட்டுத்தான் வந்தேன்." சிறிது நேரம் மூச்சு வாங்கினாய். "மாலதிக்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். இத மட்டும் சொல்லல."

"வேற வழி இல்லக்கா" என்றேன்.

"இல்ல" என்றாய். "ஆனா மிதிச்சது நாந்தான்." பிறகு, "இத நீயே வச்சுக்கோ" என்றாய். நான்காம் நாள் போய்விட்டாய். மின்மயானத்துக்கு இஸ்மாயில் தன் இரண்டு பெண் குழந்தைகளோடு வந்திருந்தான். மாலதி வந்து உன் கால்களைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

ஒவ்வொரு வருடமும் விஜயதசமி முடிந்து பெரியவர்களைப் பார்க்கப் போகும் பிஜோயாவுக்கு நான் மாலதியின் வீட்டுக்குப் போகிறேன். இப்போது அவளுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. மகன் கப்பல் தளத்தில் வேலை பார்க்கிறான். தட்டில் தேங்காய் உருண்டைகள் வைத்துக் கொடுப்பாள். எல்லாரும் எழுந்துபோனபின், ஒவ்வொரு வருடமும் அதே கேள்வியைக் கேட்பாள். போன வருடமும் கேட்டாள்.

"திதி இறங்கினப்போ அவர் ஏற்கனவே போயிட்டார், இல்லையா தம்பி? வலிச்சிருக்காதுல்ல?"

"ஆமா பௌதி. விழுந்த உடனே போயிட்டார்" என்றேன். நிமாயைப் பற்றி நான் சொல்லும் இரண்டாவது பொய் இது. முதல் பொய்யை எழுந்து நின்று திருப்பி வாங்கினேன். இதை வாங்கப் போவதில்லை. நீ வைத்துக்கொள்ளச் சொன்னாய், வைத்திருக்கிறேன்.

அவள் தலையசைத்தாள். இன்னும் ஒரு உருண்டையை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். எடுத்துக்கொண்டேன்.